கோபுர வாசலும் கோட்டை வாசலும்

மதுரை அரசாங்க ஆஸ்பத்திரியில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேள்விப்படாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த காலம். உடல் நலமின்றிப் படுத்திருந்த மதுரை முத்துவைப் பார்த்து நலம் விசாரிப்பதற்காக அவர் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். பார்த்துவிட்டுத் திரும்பும்போது, முன்னாள் மந்திரி கக்கனும் அங்கேயே ஒரு பொது வார்டில் சிகிச்சை பெற்று வருகிறார் என்ற தகவல் அவர் காதில் விழுந்தது. உடனே அங்கே சென்றார். ஏழை எளியவர்களுக்கு நடுவில், அவர்களில் ஒருவராக, பத்து வருஷ காலம் சென்னைக் கோட்டையில் மந்திரியாக வீற்றிருந்த மனிதர் படுத்துக் கிடந்தார். முதலமைச்சர் கலங்கிப் போனார் என்றும், நல்ல சிகிச்சைக்கு அங்கேயே உத்தரவிட்டார் என்றும் சொல்வார்கள். பிறகு மாதாந்தர உதவித் தொகைக்கும் சர்க்கார் ஏற்பாடு செய்தது.

இந்தச் சம்பவத்தை மேடைகளில் சொல்லாத பேச்சாளர் இல்லை. கேட்டுக் கண் கலங்காதவரும் இல்லை. ஆனால் அதோடு நாம் எழுந்து போய்விடுகிறோம். கக்கன் என்றால் எளிமை, எளிமை என்றால் கக்கன் என்று இரண்டு வார்த்தைகளில் ஒரு ஜீவியத்தை முடித்துவிடுகிறோம். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்து சேரும் முன்னால் அவர் எந்தெந்த வாசல்களைக் கடந்து வந்தார், எந்தெந்த நாற்காலிகளில் அமர்ந்து என்னென்ன காரியங்கள் செய்தார், எதிலே வென்றார், எதிலே பழி சுமந்தார் என்பதெல்லாம் மறந்தே போயிற்று. ஏழையாக இறந்தார் என்பது மட்டுமே ஒருவருடைய பெருமையாகுமா? நாட்டில் ஏழைகளாக இறப்பவர்கள் கோடிக்கணக்கானவர்கள் அல்லவா?

ஆகவே கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

பூசாரி வீட்டுப் பிள்ளை

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் பெருஞ்சாலையில், மேலூரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் தும்பைப்பட்டி. 1908-ம் வருஷம் ஜூன் 18-ந் தேதி கக்கன் பிறந்த ஊர் அது. தகப்பனார் பெயரும் கக்கன்தான். கிராமக் கோயில் பூசாரி. தெய்வத்துக்குத் தொண்டு செய்யும் குடும்பம். ஆனால் அந்தத் தெய்வம் சேரித் தெய்வம். ஊருக்குள் இருக்கும் பெரிய கோயில்களின் வாசலை அந்தப் பூசாரியோ அவருடைய பிள்ளையோ மிதிக்க முடியாது.

1908 என்ற வருஷத்தை வாசகர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். அதே வருஷத்தில்தான் லண்டனில் பிரிவி கவுன்சில் என்ற உச்ச நீதி மன்றம் கமுதி வழக்கில் தீர்ப்பளித்தது. ராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த கமுதியில், 1897-ல் நாடார் குலத்தார் சிலர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலுக்குத் தர்மகர்த்தாவான ராமநாதபுரம் ராஜா தரப்பில் வழக்குத் தொடரப்பட்டது. கீழ்க் கோர்ட்டிலிருந்து ஹைகோர்ட்டுக்குப் போய், கடல் கடந்து லண்டன் வரை சென்று, கடைசியில் நாடார்களுக்கு ஆலயப் பிரவேச உரிமை இல்லை என்று முடிந்தது. வியாபாரத்தில் முன்னேறி, பணமும் படிப்பும் வக்கீல்களும் உடைய ஒரு சமூகத்துக்கே இந்தக் கதி என்றால், சேரியில் பிறந்த குழந்தைக்கு எந்தக் கோர்ட்டு கதவைத் திறக்கும்? தும்பைப்பட்டிப் பிள்ளை கண் திறந்த சமயத்தில், கோயில் கதவு சட்டப்படியே இறுகச் சாத்தப்பட்டது.

பையன் மேலூரிலும் திருமங்கலத்திலும் படித்தான். அந்நாளில் சேரிப் பிள்ளை உயர்தரப் பள்ளி வரை எட்டிப் பார்ப்பதே அபூர்வம். பள்ளிப் படிப்பு நெடுந்தூரம் போகவில்லை. ஆனால் பாடப் புத்தகம் கற்றுக் கொடுக்காத ஒன்றை அவருக்குக் கற்றுக் கொடுக்க மதுரை நகரத்திலே ஒரு மனிதர் இருந்தார்.

வக்கீல் வீடு

மதுரை வைத்தியநாத அய்யர் என்ற பெயர் நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. 1890-ல் தஞ்சை ஜில்லாவில் பிறந்து, மதுரையில் வளர்ந்து, வக்கீல் தொழிலில் பெயரெடுத்தவர். 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்தில் ராஜாஜியுடன் நின்று தடியடியும் சிறைவாசமும் அனுபவித்தவர். மகாத்மா காந்தி 1932-ல் தீண்டாமை ஒழிப்பு வேலைக்கென்று ஹரிஜன சேவா சங்கத்தைத் தோற்றுவித்த பிறகு, அந்த வேலையைத் தமது சொந்த வேலையாக எடுத்துக்கொண்டவர்.

மேடையில் தீண்டாமையைக் கண்டித்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தலை முழுகுகிறவர்கள் மலிந்திருந்த காலம் அது. அய்யர் வீட்டிலோ சேரிப் பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உறவினர்கள் முகம் சுளித்தார்கள், அவர் பொருட்படுத்தவில்லை. அந்த வீட்டுக்குள் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர் கக்கன். வேலைக்காரனாக அல்ல, பிள்ளையாக வந்து சேர்ந்தார். மேலூர் வட்டாரத்தில் இரவுப் பள்ளிகள் நடத்துவது, மாணவர் விடுதிகளைக் கவனித்துக்கொள்வது, சேரி சேரியாகப் போய்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்து வருவது, இவைதான் அவருக்குக் கிடைத்த அரசியல் பயிற்சி. கைத்தட்டல் கிடைக்காத வேலை. பிற்காலத்தில் அவர் மேடைப் பேச்சில் பெரிய புலியாக விளங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இதுதானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அவர் கற்றுக்கொண்டது பேசும் தொழிலை அல்ல, நடக்கும் தொழிலை.

1934 ஜனவரியில் மகாத்மா தீண்டாமை ஒழிப்பு யாத்திரையாக மதுரைக்கு வந்தார். உலகமே வியக்கும் மீனாட்சி கோயில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவர் உள்ளே போகவில்லை. தாழ்த்தப்பட்டவர்களுக்குத் திறவாத கதவு தமக்கும் வேண்டாம் என்று இருந்துவிட்டார். 1921-ல் இதே மதுரையில்தான் அவர் மேல் துணியைக் களைந்து, நான்கு முழத் துண்டுக்கு மாறினார். அந்தத் துண்டை உடுத்திய மனிதருக்கும் மீனாட்சிக்கும் நடுவில் ஒரு கதவு பூட்டியே கிடந்தது. இந்த அவமானம் வைத்தியநாத அய்யரை உறுத்திக்கொண்டே இருந்தது.

1939 ஜூலை 8

1936-ல் திருவிதாங்கூர் மகாராஜா ஒரே பிரகடனத்தில் தமது சமஸ்தானத்துக் கோயில்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார். சென்னை மாகாணத்திலோ மகாராஜா இல்லை; சட்டம் இருந்தது. வழக்கத்துக்கு விரோதமாக ஒருவரை உள்ளே விட்டால், கோயில் நிர்வாகியின் மீதும் நுழைந்தவர் மீதும் வழக்குப் போடலாம். கமுதித் தீர்ப்பு அதற்கு ஆதாரமாக நின்றது. ராஜாஜி பிரதம மந்திரியாக இருந்த காங்கிரஸ் சர்க்கார் இதற்கு வழி தேடிக்கொண்டிருந்தது. சட்டம் வரும் வரையில் காத்திருக்க மதுரைக்குப் பொறுமை இல்லை.

கோயில் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு இந்த முயற்சிக்கு மனப்பூர்வமாக இணங்கினார். அவர் இணங்கியிராவிட்டால் அன்று ஒன்றுமே நடந்திராது. ஆனால் அவர் பெயரை இன்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? பசும்பொன் முத்துராமலிங்கத் தேவரும் ஆதரவு தெரிவித்திருந்தார். ஆகவே பெரும் எதிர்ப்புக்கும் கைகலப்புக்கும் திட்டமிட்டிருந்தவர்களின் கை ஓங்கவில்லை.

ஜூலை 8-ந் தேதி காலையில் வைத்தியநாத அய்யர் தம் தோழர்களுடன் கோயிலுக்குச் சென்றார். ஹரிஜன சேவா சங்கத்தைச் சேர்ந்த எல்.என். கோபாலசாமி உடன் இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர்: கக்கன், ஆலம்பட்டி முருகானந்தம், முத்து, சின்னையா, பூவலிங்கம். இவர்களோடு விருதுநகர் நகரசபை அங்கத்தினர் எஸ்.எஸ். சண்முக நாடாரும் சென்றார். முப்பது வருஷங்களுக்கு முன்னால் லண்டன் தீர்ப்பு எந்தச் சமூகத்துக்குக் கதவைச் சாத்தியதோ, அந்தச் சமூகத்தவர் ஒருவரும், அந்தத் தீர்ப்பு வெளியான வருஷத்தில் சேரியிலே பிறந்தவர் ஒருவரும் ஒரே சமயத்தில் அதே வாசலைக் கடந்து உள்ளே போனார்கள். மாலை போட்டு வரவேற்றார் நிர்வாக அதிகாரி. அம்மன் சன்னதியில் நின்று தரிசனம் செய்தார்கள். திரும்பி வந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஆயிரம் வருஷத்துப் பழக்கம் ஒன்று, சில நிமிஷங்களில், ரத்தம் சிந்தாமல் உடைந்து போயிற்று.

பிறகுதான் கூச்சல் கிளம்பியது. பட்டர்களில் பலர் பூஜை செய்ய மறுத்தார்கள். வைதிகர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். மீனாட்சி கோயிலை விட்டுப் போய்விட்டாள் என்றுகூடச் சொன்னார்கள். வக்கீல் நடேச அய்யரின் முயற்சியில் தமிழ்ச் சங்கம் சாலையில் தனியாக ஒரு மீனாட்சியைப் பிரதிஷ்டை செய்து அங்கே வழிபாடு நடத்தினார்கள்! மதுரை நகரத்தின் அரசி வாடகை வீட்டுக்குக் குடி போய்விட்டாள் என்று அவர்கள் நம்பினார்களோ என்னவோ, பொதுஜனங்கள் நம்பவில்லை. கூட்டம் பழைய கோயிலுக்குத்தான் போயிற்று.

அந்த மாதத்திலேயே கவர்னரின் அவசரச் சட்டம் வந்தது. அதே 1939-ல் ஆலயப் பிரவேச அனுமதியையும், அனுமதித்தவர்களுக்குப் பாதுகாப்பையும் அளிக்கும் சட்டம் நிறைவேறியது. 1947-ல் மாகாணம் முழுவதற்குமான விரிவான சட்டம் பிறந்தது. 1946 பிப்ரவரியில் மகாத்மா மறுபடியும் மதுரைக்கு வந்தபோது மீனாட்சி கோயிலுக்குள் சென்றார். பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்னால் வெளியில் நின்றுவிட்டவர் அன்று உள்ளே சென்றதற்கு, 1939-ல் முன்னால் நடந்த கால்கள்தாம் காரணம்.

மேலூரிலிருந்து டில்லிக்கு

1942 ஆகஸ்டுப் போராட்டத்தில் கக்கன் சிறை சென்றார். மேலூரில் போலீஸார் அவரைக் கட்டி வைத்து அடித்தார்கள் என்று அந்த வட்டாரத்துப் பெரியவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பின்னாளில் அதே போலீஸ் இலாகாவுக்கு அவர் மந்திரியானார் என்பதை நினைக்கும்போது காலத்தின் விளையாட்டு விசித்திரமாகத்தான் இருக்கிறது.

சிறையிலிருந்து வந்தவரை நாடு டில்லிக்கு அனுப்பியது. இந்தியாவின் அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபையின் அங்கத்தினர் வரிசையில், காமராஜர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி, அம்மு சுவாமிநாதன் முதலியவர்களோடு தும்பைப்பட்டிக் கக்கனும் இடம் பெற்றார். 1948 நவம்பர் 29-ந் தேதி, தீண்டாமை ஒழிக்கப்பட்டது, அது எந்த உருவத்தில் வந்தாலும் குற்றம் என்று கூறும் ஷரத்து அந்தச் சபையில் ஏற்கப்பட்டது. இன்று அரசியலமைப்பின் 17-வது ஷரத்தாக விளங்குவது அதுதான். அம்பேத்கர் போன்ற மேதைகள் சட்டத்தின் வாசகத்தை அறிந்து அந்தச் சபைக்கு வந்தார்கள். கக்கன் போன்றவர்கள், அந்த வாசகம் ஒழிக்க வந்த பொருள் எப்படி இருக்கும் என்பதைத் தங்கள் தோலிலே அறிந்து வந்தார்கள். இரண்டு வகை அறிவும் அந்தச் சபைக்குத் தேவையாக இருந்தது.

1952 பொதுத் தேர்தலில் மதுரைத் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குச் சென்றார். 1954-ல் காமராஜர் முதலமைச்சரானபோது தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைமைப் பொறுப்பு கக்கனிடம் வந்தது. காமராஜர் தாம் ஆண்டுக்கணக்கில் வீற்றிருந்த நாற்காலியை லேசில் யாருக்கும் கொடுத்துவிடுகிறவர் அல்ல என்பது அரசியல் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு துயரத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1955 பிப்ரவரி 23-ந் தேதி வைத்தியநாத அய்யர் காலமானார். அப்போது கக்கன் பார்லிமெண்டு அங்கத்தினர். அய்யரின் புத்திரர்களோடு சேர்ந்து கக்கனும் தலையை முண்டனம் செய்துகொண்டு ஈமக்கடனில் பங்கு கொண்டார். உறவினர் சிலர் ஆட்சேபித்ததாகவும், அவரும் எங்கள் தகப்பனாரின் பிள்ளைதான் என்று புத்திரர்களே பதில் சொன்னதாகவும் மதுரையில் இன்றும் சொல்வார்கள். கோயில் கதவைத் திறப்பதற்குச் சட்டம் போதும். மயானத்தில் பிள்ளையாக நிற்பதற்கு இடம் கொடுக்க எந்தச் சட்டத்தாலும் முடியாது. என்னைக் கேட்டால், 1939 ஜூலை 8-ஐக் காட்டிலும் பெரிய ஆலயப் பிரவேசம் இதுதான் என்பேன்.

மராமத்து மந்திரி

1957 தேர்தலில் மேலூரிலிருந்து சட்டசபைக்கு வந்தார். காமராஜர் அமைத்த மந்திரி சபையில் மொத்தம் எட்டே பேர். அவர்களில் ஒருவராகக் கக்கன் பொறுப்பேற்றார். ஹரிஜன நலத்தோடு, மராமத்து இலாகாவும் அவரிடம் கொடுக்கப்பட்டது.

இது சின்ன விஷயமல்ல. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் மந்திரியானால் ஹரிஜன நலத்தைக் கொடுத்து மூலையில் உட்கார வைப்பது அப்போது எல்லா ராஜ்யங்களிலும் வழக்கம். மராமத்து என்பது அணை, கால்வாய், ஏரி, பாலம், ரோடு எல்லாம் அடங்கிய இலாகா. ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட ஜனங்களில் ஒருவரிடம், ராஜ்யத்துத் தண்ணீர் முழுவதையும் பங்கிட்டுக் கொடுக்கும் பேனாவைக் காமராஜர் கொடுத்தார்.

அந்த வருஷங்களில் தமிழ்நாட்டில் அணைகள் வரிசையாக எழுந்துகொண்டிருந்தன. சாத்தனூர், கிருஷ்ணகிரி, அமராவதி, மணிமுத்தாறு எல்லாம் அந்தக் கால கட்டத்தில் நிறைவேறியவை. இவற்றை ஆரம்பித்தவர் கக்கன் அல்ல; முந்திய சர்க்கார்களும், பெயர் தெரியாத என்ஜினீயர்களும், கூடை சுமந்த ஆயிரக்கணக்கான கூலியாட்களும் சேர்ந்து செய்த காரியங்கள் அவை. மேடையில் சிலர் எல்லா அணைகளையும் அவர் ஒருவரே கட்டியதாகச் சொல்லிவிடுகிறார்கள். அவரே கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பார்.

ஆனால் வைகை அணையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது அவர் பிறந்த மண்ணின் கதை.

மதுரைச் சமவெளி ஏமாற்றக்கூடிய மண். பார்ப்பதற்குப் பச்சைப் பசேல் என்று இருக்கும். வைகை வறண்டால் இரண்டே மாதத்தில் பொட்டலாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால், கடலை நோக்கி வீணே ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினார் பென்னிகுக் என்ற என்ஜினீயர். 1895-ல் அந்தத் தண்ணீர் சுருளியாறு வழியாக வைகையில் வந்து சேர்ந்தது. பேரணையில் அதை வாங்கி, பெரிய கால்வாய் ஒன்றின் மூலம் கள்ளந்திரி வழியாக மேலூர் வரையில் கொண்டு போனார்கள். ஆனால் மலையிலிருந்து இறங்கி வரும் தண்ணீரையும், வைகையின் சொந்த வெள்ளத்தையும் நடுவழியில் தேக்கி வைக்க இடம் இல்லாமல் இருந்தது. மழைக் காலத்தில் வந்த வெள்ளம் போய்க்கொண்டே இருக்கும். பயிர் கதிர் தள்ளும் சமயத்தில் கால்வாய் வறண்டு கிடக்கும்.

ஆண்டிபட்டிக்கு அருகில் வைகையின் குறுக்கே 71 அடி வரையில் தண்ணீர் நிற்கும்படியாக அணை எழுந்தது. 1959 ஜனவரி 21-ந் தேதி காமராஜர் அதைத் திறந்து வைத்தார். அப்போது மராமத்து மந்திரி மேலூர் தாலுகாக்காரர். கள்ளந்திரி வரையிலுள்ள சுமார் 45,000 ஏக்கர் இரு போகத்துக்கும், அதற்கும் கீழே மேலூர்ப் பகுதியிலுள்ள சுமார் 85,000 ஏக்கர் ஒரு போகத்துக்கும் என்று இந்தப் பாசனக் கணக்கு இன்று வரை வழங்குகிறது. மேலூரார் கால்வாயின் கடைமடைக்காரர்கள். தண்ணீர் கடைசியாக வரும் இடம் அது. தட்டுப்பாடு வந்தால் முதலில் நிற்கும் இடமும் அதுவே. கடைமடையிலே பிறந்த ஒருவர் தலைமடையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் உட்கார்ந்திருந்தார் என்பதில் உள்ள ருசி விவசாயிகளுக்குத்தான் விளங்கும்.

இந்த இடத்தில் கசப்பான கேள்வி ஒன்றும் இருக்கிறது. தண்ணீர் வந்தது, யாருடைய நிலத்துக்கு வந்தது? சேரி ஜனங்களில் பெரும்பாலோருக்குச் சொந்த நிலம் ஏது? அவர்கள் நடவு நட்டார்கள், அறுத்தார்கள், கூலி வாங்கினார்கள். 1961-ல் காமராஜர் சர்க்கார், ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் நிலம் கூடாது என்று உச்சவரம்புச் சட்டம் செய்தது. சட்டத்தில் விலக்குகள் ஏராளம். நிலம் பெயர் மாறியது, கை மாறவில்லை. அந்த மந்திரி சபையில் கக்கனும் இருந்தார். அவரை மதிக்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

1962 மார்ச்சு முதல் விவசாய மந்திரி. 1963 அக்டோபரில், கட்சி வேலைக்காகக் காமராஜர் முதலமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார். பக்தவத்சலம் முதலமைச்சரானார். அவருடைய மந்திரி சபையில் கக்கனுக்குக் கிடைத்தது போலீஸ் இலாகா.

முள் நாற்காலி

உள்துறை மந்திரி என்றால் கேட்பதற்குப் பெரிய பதவி. உண்மையில் முள் நாற்காலி. அதிகாரிகளின் லஞ்ச ஊழலைக் கண்டுபிடிப்பதற்கென்று லஞ்ச ஒழிப்பு இயக்குநரகம் 1964-ல் ஏற்பட்டது அவர் அந்த இலாகாவில் இருந்தபோதுதான். இது அவருடைய பெயருக்குப் பொருத்தமாக அமைந்தது.

ஆனால் 1965 வந்தது. அந்த வருஷம் ஜனவரி 26 முதல் ஹிந்தி மத்திய அரசின் ஆட்சி மொழியாகும் என்ற நிலையில், தமிழ்நாடு முழுவதும் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். ஜனவரி 25-ந் தேதி மதுரையில் ஊர்வலம் சென்ற மாணவர்களுக்கும் காங்கிரஸ்காரர்களுக்கும் நேர்ந்த மோதல் பெருங்கலவரமாக மூண்டது. நெருப்பு மதுரையிலிருந்து ராஜ்யமெங்கும் பரவியது. தடியடி, கண்ணீர்ப் புகை, துப்பாக்கிப் பிரயோகம். சர்க்கார் கணக்கிலேயே உயிரிழந்தவர்கள் சுமார் 70 பேர். மக்கள் நம்பிய கணக்கு அதைவிடப் பன்மடங்கு. இரண்டு மாதம் நீடித்தது அந்தக் கொந்தளிப்பு. டில்லியில் மந்திரிகளாக இருந்த சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். சென்னையில் போலீஸ் மந்திரி பதவியில் இருந்தவர் கக்கன்.

தடியடி பட்டு வளர்ந்த ஒருவர், தடியடி நடத்தும் இலாகாவுக்குத் தலைவராக இருந்தார். கொள்கை வகுத்தவர் அவரா, முதலமைச்சரா, டில்லியா என்று வாதாடலாம். முடிவுகள் வேறிடத்தில் எடுக்கப்பட்டன என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படியானாலும் நாற்காலியில் உட்கார்ந்தவர் கணக்கில்தான் பற்று எழுதப்படும். அவர் விலகவில்லை. அந்தக் கணக்கு எழுதப்பட்டது. அவரைப் பற்றிப் பேசும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சொல்கிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டுவதும், இதைச் சொல்கிறவர்கள் மற்றதையெல்லாம் மறைப்பதும் இரண்டுமே நியாயமல்ல.

1967-ல் ஜனங்கள் தீர்ப்பளித்தார்கள். விருதுநகரில் காமராஜரே தோற்ற தேர்தல் அது. மேலூரில் கக்கனும் தோற்றார். தி.மு. கழகம் ஆட்சிக்கு வந்தது.

மாஜி மந்திரி

கோட்டையை விட்டு வெளியே வந்தவரிடம் என்ன இருந்தது? பத்து வருஷ காலம் அணைகளும் ரோடுகளும் கட்டிய இலாகாக்களின் கோப்புகளில் கையெழுத்திட்டவர். கோடிக்கணக்கான ரூபாய் அந்தப் பேனாவின் கீழே போயிற்று. கைவிரலில் மை மட்டும் ஒட்டியிருந்தது. மந்திரி மனைவி பள்ளிக்கூட ஆசிரியையாகச் சம்பாதித்துக் குடும்பத்தைத் தாங்கினார். பஸ் நிலையத்தில் ஜனங்களோடு வரிசையில் நின்று கக்கன் பஸ் ஏறியதைக் கண்டவர்கள் பலர். தம்பிக்குப் போலீஸில் உத்தியோகம் கிடைத்ததைத் தாமே தடுத்தார் என்றும், உறவினர் பெயரில் வந்த வீட்டு மனை உத்தரவைக் கிழித்துப் போட்டார் என்றும் கதைகள் வழங்குகின்றன. ஒவ்வொரு கதைக்கும் சாட்சி தேடிக்கொண்டு போவது என் வேலையல்ல. ஒன்று மட்டும் சொல்வேன்: கதை கட்டுகிறவர்கள்கூட அவரவர் சுபாவத்துக்கு ஏற்றபடிதான் கட்டுவார்கள். எத்தனையோ மந்திரிகளைப் பற்றி எத்தனையோ கதைகள் உண்டு. இந்தமாதிரிக் கதைகள் எத்தனை பேரைப் பற்றிக் கிளம்பின?

1967-க்குப் பிறகு எந்த மந்திரி பதவியும் அவரைத் தேடி வரவில்லை, அவரும் தேடவில்லை. நோய் வந்தது. கையில் காசில்லாதவர்கள் போகும் இடத்துக்குப் போனார். அங்கேதான் எம்.ஜி.ஆர். அவரைக் கண்டார். 1981 டிசம்பர் 23-ந் தேதி சென்னையில் கக்கன் காலமானார்.

இறந்த பின் நாம் செய்யும் மரியாதைகள் முறைப்படி நடந்தன. 1999-ல் அவர் படத்தோடு தபால் தலை வெளியாயிற்று. 2001-ல் தும்பைப்பட்டியில் மணி மண்டபம் திறந்தார்கள்.

இதற்கு நடுவிலே, 1997-ல், அதே மேலூர் தாலுகாவில் வேறொன்றும் நடந்தது. மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கப்பட்டது. அதில் போட்டியிடக் கூடாது என்ற மிரட்டலை மீறி நின்று வென்றார் முருகேசன். ஜூன் 30-ந் தேதி, பஸ்ஸில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த அவரையும் அவருடன் வந்தவர்களையும் வழிமறித்து வெட்டிக் கொன்றார்கள். 58 வருஷங்களுக்கு முன்னால் மீனாட்சி சன்னதிக்குள் ஒரு மேலூர்க்காரர் நடந்து போக முடிந்தது. 40 வருஷங்களுக்கு முன்னால் கோட்டையில் மந்திரியாக உட்கார முடிந்தது. சொந்த தாலுகாவில், ஒரு கிராமத்துப் பஞ்சாயத்து நாற்காலியில் அவருடைய ஜனங்களில் ஒருவர் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

திருச்சி ரோட்டில் போகிறவர்கள் தும்பைப்பட்டியில் வண்டியை நிறுத்தினால் அந்த மண்டபத்தைப் பார்க்கலாம். பெரும்பாலான பஸ்கள் நிற்காமல் போய்விடுகின்றன. மழை நன்றாகப் பெய்து, வைகை அணையில் போதிய தண்ணீர் நிற்கும் வருஷங்களில், புரட்டாசி வாக்கில் பெரியாற்றுக் கால்வாய் மதகைத் திறப்பார்கள். கள்ளந்திரியைத் தாண்டி அந்தத் தண்ணீர் மேலூர்க் கடைமடைக்கு வந்து சேரச் சில நாட்கள் பிடிக்கும். அது வரையில் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு, விவசாயிகள் கால்வாய்க் கரையில் காத்திருப்பார்கள்.